ஓய்வூதியம் கூடுதலாக வந்துவிட்டது, திருப்பிக் கட்டு என்கிறார்களா? வரிசையாகச் செய்ய வேண்டியவை

அரசு ஓய்வூதியமோ குடும்ப ஓய்வூதியமோ வாங்குபவர்களுக்குத் திடீரென்று ஒரு நாள் தகவல் வரும்: "உங்களுக்குப் பல வருடமாகக் கூடுதலாகப் பணம் போட்டுவிட்டோம், அதைப் பிடிக்கப் போகிறோம்." தொகை பெரும்பாலும் லட்சங்களில் இருக்கும். வாங்குபவருக்கு எழுபது, எண்பது வயது. அவர் எந்தப் பொய்யும் சொல்லியிருக்க மாட்டார். எங்கோ ஒரு பதிவில் தேதி தவறாக ஏறியிருக்கும், அவ்வளவுதான்.

என் அம்மாவுக்கு இது நடந்தது. அப்பா மத்திய அரசு ஊழியர். அவருடைய பிறந்த தேதி வங்கியின் பதிவில் தவறாக இருந்ததால் அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் குறைய வேண்டிய காலத்தில் குறையவில்லை. அதைச் சரிசெய்ய அலைந்தபோது யாரும் முழுதாகச் சொல்லித் தராத விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். வங்கி வழியாக ஓய்வூதியம் வாங்கும் மத்திய அரசு ஓய்வூதியர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். தமிழக அரசு ஓய்வூதியர்களுக்கு வங்கியின் இடத்தில் கருவூலம் வரும். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. எதிலும் உடனே கையெழுத்துப் போடாதீர்கள்

கிளைக்குக் கூப்பிடுவார்கள். போனால், தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டுவார்கள். "எனக்குக் கூடுதலாக வழங்கப்பட்ட தொகையை என் ஓய்வூதியத்திலிருந்து மாதந்தோறும் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்" என்று இருக்கும். "சும்மா ஃபார்மாலிட்டிதான்" என்பார்கள். அதில் கையெழுத்துப் போட்டால், தொகையையும் ஒப்புக்கொண்டதாகிவிடும், பிடித்தத்தையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு எங்கே புகார் கொடுத்தாலும் முதலில் அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

அன்று நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "எழுத்தில் கொடுங்கள், பார்த்துப் பதில் தருகிறேன்." சண்டை வேண்டாம். கவுன்ட்டரில் இருப்பவர் இந்த முடிவை எடுத்தவர் இல்லை. வங்கியின் மத்திய ஓய்வூதிய மையத்திலிருந்து, அதாவது எல்லோரும் சி.பி.பி.சி என்று சொல்லும் இடத்திலிருந்து, வந்த உத்தரவை அவர் படித்துச் சொல்கிறார்.

அதே நாளில் கணக்கில் பணம் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். சில சமயம் தகவல் வரும் முன்பே கணக்கை ஹோல்டில் போட்டிருப்பார்கள். டெபாசிட்டுக்கும் லியன், அதாவது எடுக்க முடியாதபடி தடை, போட்டிருக்கலாம். அப்படி இருந்தால், எந்த உத்தரவின்படி போட்டீர்கள் என்று கேட்டு அங்கேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள். "மருந்துச் செலவுக்கு இந்தக் கணக்குதான்" என்ற வரியையும் அதில் சேருங்கள். உண்மையும் அதுதானே.

2. இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள்

இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். தவறான விகிதத்தை இனிமேல் சரியான விகிதத்துக்குக் குறைப்பது ஒன்று. ஏற்கெனவே கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடிப்பது வேறொன்று.

முதலாவதை எதிர்த்துப் பெரும்பாலும் பயனில்லை. விதிப்படி 12,000 என்றால் 12,000தான். 20,000 வந்துகொண்டிருந்தது என்பதற்காக அது உரிமையாகிவிடாது. இரண்டாவதைத்தான் கேள்வி கேட்க முடியும், கேட்கவும் வேண்டும். ஆனால் அலுவலகங்களில் இரண்டையும் ஒரே கடிதத்தில் ஒரே மூச்சில் சொல்வார்கள். நாமும் பதறிப்போய், ஒன்று எல்லாவற்றையும் எதிர்ப்போம், இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவோம். விகிதம் குறைவதை ஏற்றுக்கொண்டு, பழைய தொகையைப் பிடிப்பதை மட்டும் எதிர்த்து எழுதுங்கள். அப்படி எழுதும்போது உங்கள் கடிதத்துக்கு ஒரு நியாயமான தோற்றம் வரும். படிக்கும் அதிகாரிக்கும் அது தெரியும்.

3. ஆவணங்களைச் சேருங்கள்

முதலில் பி.பி.ஓ, அதாவது ஓய்வூதியம் வழங்கச் சொல்லும் ஆணை. ஓய்வூதியர் கையில் இருக்க வேண்டிய பிரதி வீட்டில் பீரோவிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ கிடக்கும், தேடுங்கள். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு திருத்திய பி.பி.ஓ ஒன்று தனியாக வந்திருக்கும், அதுவும் வேண்டும். ஓய்வூதியரின் பிறந்த தேதி, ஓய்வுபெற்ற தேதி, குடும்ப ஓய்வூதியத்தின் இரண்டு விகிதங்கள் (முதலில் வரும் கூடிய விகிதம், பிறகு வரும் சாதாரண விகிதம்) ஆகியவை அதில் இருக்கும். எங்கள் விஷயத்தில் பி.பி.ஓ-வில் பிறந்த தேதி சரியாகவே இருந்தது. வங்கியின் கணினியில்தான் மாறியிருந்தது. பி.பி.ஓ-வின் அந்த ஒரு பக்கத்தைக் காட்டியதும் பேச்சே வேறு மாதிரி ஆகிவிட்டது.

அடுத்தது இறப்புச் சான்றிதழ், குடும்ப ஓய்வூதியம் தொடங்கியபோது வங்கியில் கொடுத்த விண்ணப்பத்தின் நகல், வருடந்தோறும் கொடுத்த வாழ்நாள் சான்றிதழின் ரசீது. இவை ஏன் என்றால், நாம் எதையும் மறைக்கவில்லை, சரியான தேதிகளை அப்போதே கொடுத்தோம் என்று காட்டுவதற்கு.

பிறகு, கூடுதல் என்று சொல்லும் காலம் முழுமைக்கும் பாஸ்புக் அல்லது கணக்கு அறிக்கை. பழைய வருடங்களுக்கு வங்கிகள் கட்டணம் கேட்கும், நாளும் ஆகும். அதனால் இதை முதல் வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

கடைசியாக, அவர்களிடமிருந்து வர வேண்டிய தாள்: டியூ-டிரான் ஸ்டேட்மென்ட். ஒவ்வொரு மாதமும் எவ்வளவு தர வேண்டியிருந்தது, எவ்வளவு தந்தார்கள், வித்தியாசம் எவ்வளவு என்று மூன்று வரிசையாக இருக்கும். "மொத்தம் இவ்வளவு" என்று ஒற்றை வரி மட்டும் கொடுத்தால் ஏற்காதீர்கள். மாதவாரியாகக் கேளுங்கள்.

கொடுக்க மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொதுத்துறை வங்கிகளுக்கும் அரசுத் துறைகளுக்கும் அது பொருந்தும். கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். மனு ஓய்வூதியம் வாங்குபவரின் பெயரிலேயே போகட்டும். மகன், மகள் பெயரில் போட்டால் "மூன்றாம் நபர் தகவல்" என்று திருப்பி அனுப்ப ஒரு வழி கிடைத்துவிடும். என்ன கேட்பது? மாதவாரி கணக்கு, பிடித்தம் செய்யச் சொன்ன உத்தரவின் நகல், தங்கள் பதிவில் இருக்கும் பிறந்த தேதி, அது எந்த நாளில் ஏற்றப்பட்டது, எந்த நாளில் திருத்தப்பட்டது. "ஏன்" என்று தொடங்கும் கேள்விகளைத் தவிர்த்துவிடுங்கள். பதிவில் இருப்பதைத்தான் கேட்க முடியும்.

4. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

அவர்கள் சொன்ன தொகை சரியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பதிவு தவறிய இடத்தில் கணக்கும் தவறலாம்.

குடும்ப ஓய்வூதியத்தில் இந்தப் பிரச்சினை எப்படி வருகிறது என்பதை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். மத்திய அரசு விதிப்படி ஓய்வுபெற்ற பின் ஒருவர் இறந்தால், அவர் மனைவிக்கு முதலில் கூடிய விகிதத்தில், அதாவது கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை, குடும்ப ஓய்வூதியம் வரும். இது இறந்த நாளிலிருந்து 7 வருடம், அல்லது இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் 67 வயது ஆகியிருக்கும் நாள், இவற்றில் எது முன்னால் வருகிறதோ அதுவரைதான். அதன் பிறகு 30 சதவீதம். பணியில் இருக்கும்போதே இறந்திருந்தால் கூடிய விகிதம் 10 வருடம், வயது வரம்பு கிடையாது. மாநில அரசு விதியில் வரம்புகள் வேறு, உங்கள் பி.பி.ஓ-வில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

ஒருவர் 1950 ஜூனில் பிறந்தார், 2010-ல் ஓய்வுபெற்றார், 2015 மார்ச்சில் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். 67 வயது ஆகும் மாதம் 2017 ஜூன். 7 வருடம் முடிவது 2022 மார்ச். எனவே 2017 ஜூனிலேயே விகிதம் குறைந்திருக்க வேண்டும். வங்கியின் பதிவில் பிறந்த ஆண்டு 1950-க்குப் பதில் 1956 என்று ஏறியிருந்தால், கணினி 2022 மார்ச் வரை கூடிய விகிதத்தையே தந்துகொண்டிருக்கும். ஒரே ஒரு எண்ணால் ஏறக்குறைய நாலே முக்கால் வருடக் கூடுதல்.

இப்போது தொகை. திருத்திய சம்பளம் 40,000 என்றால் கூடிய விகிதம் 20,000, சாதாரண விகிதம் 12,000. மாத வித்தியாசம் 8,000. அதன் மேல் அகவிலைப்படியும் சேரும். இங்கேதான் கவனம் வேண்டும். அகவிலைப்படி ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறிக்கொண்டே வந்தது:

2017 ஜூலை 5 சதவீதம்
2018 ஜனவரி 7
2018 ஜூலை 9
2019 ஜனவரி 12
2019 ஜூலை 17 (கொரோனா காலத்தில் உயர்வை நிறுத்திவைத்ததால் 2021 ஜூன் வரை இதேதான்)
2021 ஜூலை 31
2022 ஜனவரி 34
2022 ஜூலை 38
2023 ஜனவரி 42
2023 ஜூலை 46
2024 ஜனவரி 50
2024 ஜூலை 53
2025 ஜனவரி 55
2025 ஜூலை 58

மேலே சொன்ன உதாரணத்தில் 2017 ஜூலை முதல் 2022 பிப்ரவரி வரை 56 மாதம். ஒவ்வொரு மாதத்துக்கும் அந்தந்தக் கால அகவிலைப்படியைப் போட்டால் கூடுதல் தொகை 5,16,800 ரூபாய். கடைசி விகிதமான 34 சதவீதத்தையே எல்லா மாதத்துக்கும் போட்டுவிட்டால் 6,00,320 ரூபாய். 83,520 ரூபாய் வித்தியாசம். ஒரு குடும்ப ஓய்வூதியருக்கு இது சில மாத வாழ்க்கை. எக்செல் தெரிந்த பிள்ளைகள் யாராவது வீட்டில் இருந்தால் ஒரு மாலையில் போட்டுவிடலாம். தெரியாவிட்டால் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதினாலும் போதும்.

இன்னும் ஒன்று: அந்தக் காலத்தில் உங்களுக்கு வர வேண்டியது ஏதாவது வராமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அகவிலைப்படி நிலுவை, நிலை மருத்துவப்படி, 80 வயதுக்குப் பின் வரும் கூடுதல் ஓய்வூதியம். விட்டுப்போனது இருந்தால் அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு முடிய வேண்டும்.

5. தவறு யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

வங்கியின் பதிவில் பிழை என்றால் அது வங்கியின் தவறு. பி.பி.ஓ-விலேயே பிழை என்றால் துறையினுடையது, அல்லது அதைத் தயாரித்த கணக்கு அலுவலகத்தினுடையது. மறுமணம், பிள்ளைக்கு வேலை கிடைத்தது போன்ற, நாம் தெரிவிக்க வேண்டியதைத் தெரிவிக்காமல் விட்டிருந்தால் நிலைமை வேறு. அப்போது கீழே வரும் பாதுகாப்புகள் பெரும்பாலும் கை கொடுக்காது. அந்த நிலையில் உள்ளவர்கள் நேராகத் தவணை பற்றிச் சொல்லும் 9-ஆவது பகுதிக்குப் போய்விடலாம்.

அதேபோல, ஓய்வூதியர் இறந்த பிறகு அவர் கணக்கில் வந்து விழுந்த ஓய்வூதியத்தையும் வங்கி எடுத்துக்கொள்ளும். அதை எதிர்க்க முடியாது. இறப்பை உடனே எழுத்தில் தெரிவித்து முத்திரை வாங்கி வைப்பதுதான் வழி.

வங்கியின் தவறு என்றால் ஒரு முக்கியமான விஷயம் உங்கள் பக்கம் இருக்கிறது. வங்கியின் பிழையால் கூடுதலாகப் போன தொகையைக் கண்டுபிடித்த உடனே வங்கியே அரசுக் கணக்கில் மொத்தமாகக் கட்டிவிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். ஓய்வூதியரிடமிருந்து எப்படிப் பிடிப்பது என்ற பழைய சுற்றறிக்கைகளை ரிசர்வ் வங்கி 2021 ஜனவரியில் திரும்பப் பெற்றது. பிடித்தம் பற்றி ஓய்வூதியத்தை அனுமதித்த அரசுத் துறையிடம் வழிகாட்டுதல் கேட்க வேண்டும் என்று வங்கிகளுக்குச் சொன்னது. எனவே வங்கி தானாகவே ஒரு தொகையைச் சொல்லித் தானாகவே பிடிக்கத் தொடங்கினால், "துறையிடம் கேட்டீர்களா? கேட்டதற்கு வந்த பதிலின் நகல் எங்கே?" என்று கேளுங்கள். பல இடங்களில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது.

துறையின் தவறு என்றால், 2021-ஆம் வருட மத்திய குடிமைப் பணி ஓய்வூதிய விதிகளில் 66-ஆவது விதியைப் பாருங்கள். இறுதியாக அனுமதித்த ஓய்வூதியத்தை, எழுத்துப் பிழை கண்டுபிடிக்கப்பட்டால் ஒழிய, ஓய்வூதியருக்குப் பாதகமாகக் குறைக்கக் கூடாது. பிழை இரண்டு வருடத்துக்குப் பிறகு தெரியவந்தால் ஓய்வூதியத் துறையின் ஒப்புதலும் வேண்டும். பணத்தைப் பிடிப்பதற்கு முன், இரண்டு மாதத்துக்குள் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். இந்தப் படிகளில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் அதைப் பதிலில் குறிப்பிடுங்கள்.

6. உங்களுக்கு உதவும் தீர்ப்புகள்

வக்கீல் இல்லாமலேயே கடிதத்தில் எழுதத் தெரிய வேண்டியவை மூன்று.

பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மசீஹ் என்பவருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பர் 18 அன்று, எந்தெந்த நிலைகளில் கூடுதல் தொகையைத் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று வரிசைப்படுத்தியது. குரூப் சி, குரூப் டி ஊழியர்கள். ஓய்வுபெற்றவர்கள், ஒரு வருடத்துக்குள் ஓய்வுபெற இருப்பவர்கள். ஐந்து வருடத்துக்கும் மேலாகக் கூடுதல் தொகை போய்க்கொண்டிருந்த நிலை. உயர் பதவியின் வேலையை வாங்கிக்கொண்டு அதற்கான சம்பளம் கொடுத்த நிலை. பிடிப்பது மிகக் கடுமையானது என்று நீதிமன்றம் கருதும் மற்ற நிலைகள். இதை ஏற்று மத்திய பணியாளர் துறை 2016 மார்ச் 2 அன்று ஓர் அலுவலக ஆணையும் வெளியிட்டது. தீர்ப்பை விட அந்த ஆணையைக் காட்டுவது அலுவலகங்களில் சீக்கிரம் வேலை செய்யும்.

தாமஸ் டேனியல் என்ற கேரள ஆசிரியரின் வழக்கில், ஊழியரின் மோசடியோ தவறான தகவலோ காரணமாக இல்லாமல் போன தொகையை ஓய்வுக்குப் பின் பிடிக்கக் கூடாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மூன்றாவது உங்களுக்கு எதிரானது, அதனால் அவசியம் தெரிந்திருக்க வேண்டும். 2016 ஜூலையில் ஜக்தேவ் சிங் வழக்கில், கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று முன்பே உறுதிமொழி எழுதிக் கொடுத்தவரிடம் பிடிக்கலாம் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஓய்வூதியம் தொடங்கும்போது வங்கியில் எல்லோரிடமும் அப்படி ஓர் உறுதிமொழி வாங்கிவிடுகிறார்கள். வங்கி அதைத்தான் முதலில் காட்டும். அதற்குப் பதில்: ஜக்தேவ் சிங் பணியில் இருந்தபோது சம்பள நிர்ணயத்துக்காக உறுதிமொழி கொடுத்த நீதித்துறை அதிகாரி. சாதாரண ஊழியரின் மனைவி வங்கிப் படிவத்தில் போட்ட கையெழுத்து அதே தரத்தில் வராது, வங்கியின் சொந்தப் பிழையை அது மூடவும் செய்யாது. இதை நீதிமன்றங்கள் எல்லா வழக்கிலும் ஒரே மாதிரி ஏற்பதில்லை. ஆனாலும் சொல்லாமல் விடக் கூடாது.

ரஃபீக் மசீஹ் தீர்ப்பு ஊழியர்களைப் பற்றித்தானே என்பார்கள். ஓய்வுபெற்றவரிடமே பிடிக்கக் கூடாது என்றால், அவரை இழந்து பாதி வருமானத்தில் இருப்பவரிடம் பிடிப்பது இன்னும் கடுமையானது என்று எழுதுங்கள்.

7. பதில் கடிதம் எழுதுங்கள்

இரண்டு பக்கத்துக்குள் முடியட்டும். யாருக்கு? வங்கியின் சி.பி.பி.சி தலைமை அதிகாரிக்கு, நகல் கிளை மேலாளருக்கும் ஓய்வூதியத்தை அனுமதித்த துறையின் அலுவலகத் தலைவருக்கும். தமிழக அரசு ஓய்வூதியர் என்றால் மாவட்டக் கருவூல அலுவலருக்கு, நகல் கடைசியாகப் பணியாற்றிய அலுவலகத்துக்கும் மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கும்.

சி.பி.பி.சி வேறு மாநிலத்தில் இருந்தால் கடிதம் ஆங்கிலத்தில் இருப்பது நல்லது. தமிழ்க் கடிதத்தைத் தள்ளிவைத்துவிட்டு, வரவில்லை என்பார்கள்.

உள்ளே இவை இருக்கட்டும்: பி.பி.ஓ எண், நோட்டீஸ் தேதி. எந்தப் பதிவில் என்ன பிழை, சரியான தேதி என்ன, அதற்கு ஆதாரம். நான் எந்தத் தகவலையும் மறைக்கவில்லை, தவறாகவும் தரவில்லை. இனிவரும் மாதங்களுக்குச் சரியான விகிதத்தை ஏற்கிறேன். கடந்த காலத் தொகையைப் பிடிப்பதை ஏற்கவில்லை, காரணங்கள் இவை. மாதவாரி கணக்கைத் தாருங்கள், நான் போட்ட கணக்கை இணைத்திருக்கிறேன். இதில் முடிவெடுக்கும் வரை பிடித்தத்தை நிறுத்திவையுங்கள். முடியாவிட்டால் காரணத்தோடு எழுத்தில் ஆணை தாருங்கள்.

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பின்னால் தீர்ப்பாயத்துக்குப் போனால் எதிர்க்க ஓர் ஆணை வேண்டும்.

கிளையில் நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். தபாலில் அனுப்பினால், ரிஜிஸ்டர்டு போஸ்ட் 2025-ல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. ஸ்பீட் போஸ்டில் பதிவு வசதியும் சேர்த்து அனுப்பி, போய்ச் சேர்ந்த சான்றை எடுத்து வையுங்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போகட்டும். போனில் பேசியதை மட்டும் நம்பாதீர்கள். "பார்க்கிறோம் சார்" என்று சொன்னவர் அடுத்த மாதம் வேறு கிளைக்கு மாறியிருப்பார்.

8. பதில் இல்லையென்றால் மேலே போங்கள்

மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு சிபென்கிராம்ஸ் என்ற இணையக் குறைதீர் தளம் இருக்கிறது. கட்டணம் இல்லை. பி.பி.ஓ எண்ணோடு புகாரைப் பதிந்தால் ஒரு எண் வரும், அதை வைத்துத் தொடரலாம். அரசு வைத்திருக்கும் காலக்கெடு 21 நாள். வங்கிக்கும் துறைக்கும் நடுவில் மாறிமாறிப் போனால் அதிகமாகும். "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டு ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் நடக்கிறது. அப்போது மேல்முறையீட்டைப் பயன்படுத்துங்கள், புதுப் புகாராகப் போடாதீர்கள். பழைய கோப்பு அறுந்துவிடும்.

வங்கியின் மீது மட்டும் என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இதற்கும் கட்டணம் இல்லை. முதலில் வங்கிக்கு எழுதி 30 நாள் காத்திருந்திருக்க வேண்டும், அதற்கு அத்தாட்சியும் வேண்டும். அதனால்தான் முத்திரை, முத்திரை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

தமிழக அரசு ஓய்வூதியர்கள் மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஓய்வூதியர் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். கருவூல அலுவலரும் துறை அலுவலர்களும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதுதான் அதன் பயன். "அங்கே கேளுங்கள், இங்கே கேளுங்கள்" என்பது அங்கு நடக்காது. உங்கள் ஊர் ஓய்வூதியர் சங்கத்திலும் பேசுங்கள். இதே மாதிரிக் கோப்புகளைக் கையாண்ட பெரியவர் ஒருவராவது அங்கே இருப்பார்.

இதெல்லாம் நடக்கவில்லை என்றால் மத்திய அரசு ஊழியர்களுக்கு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், சென்னையில் அதன் அமர்வு இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய்தான், செலவு வக்கீலுக்கு ஆவது. ஆணை வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். மேல்முறையீட்டுக்குப் பதிலே வராவிட்டால் ஆறு மாதம் பார்த்துவிட்டு, அதிலிருந்து ஒரு வருடம். மாநில அரசு ஓய்வூதியர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம், தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. வங்கியோடு பேசுகிறேன் பேசுகிறேன் என்று நாளைக் கடத்தி இந்த ஒரு வருடத்தை இழந்துவிடுபவர்கள் நிறையப் பேர்.

வக்கீல் செலவுக்கு வழி இல்லாதவர்களுக்கு: 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தயவுசெய்து சொல்லுங்கள்.

9. கட்டித்தான் ஆக வேண்டும் என்றால்

சிலருடைய நிலையில் முழுத் தள்ளுபடி கிடைக்காது. அப்போது கேட்க வேண்டியவை: வட்டி, அபராதம் எதுவும் சேர்க்கக் கூடாது. ஒரே தவணையில் பிடிக்கக் கூடாது. மாதத் தொகை எவ்வளவு என்பதை நீங்களே முன்மொழியுங்கள், அதோடு மருந்து, வாடகைச் செலவு விவரத்தையும் இணையுங்கள். எத்தனை தவணை, எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடியும் என்று எழுத்தில் வாங்குங்கள். கடைசித் தவணைக்குப் பிறகும் கணினி பிடித்துக்கொண்டே இருப்பது உண்டு.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் தள்ளுபடியும் கேட்கலாம். ஓய்வூதியரின் தவறு இல்லாதபோது பிடிப்பதா, விட்டுவிடுவதா என்று அமைச்சகம், செலவினத் துறையோடு கலந்து முடிவு செய்யலாம். அந்தக் கோரிக்கை துறைக்குப் போக வேண்டும், வங்கிக்கு இல்லை.

10. பதிவைத் திருத்தி முடியுங்கள்

பணப் பிரச்சினை தீர்ந்ததும் அலைச்சல் முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். பிழையான தேதி இன்னொரு பதிவில் அப்படியே இருக்கும். வங்கிப் பதிவில் மட்டும் பிழை என்றால் பி.பி.ஓ நகலோடு சி.பி.பி.சி-க்கு எழுதினால் போதும். பி.பி.ஓ-விலேயே பிழை என்றால் கடைசியாகப் பணியாற்றிய அலுவலகத்தில் தொடங்க வேண்டும். அங்கிருந்து கணக்கு அலுவலகம், அங்கிருந்து டெல்லியில் உள்ள மத்திய ஓய்வூதியக் கணக்கு அலுவலகம், அதன் பிறகு வங்கி. மாதக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு இடத்திலும் கடித எண்ணை வாங்கி வைத்தால் அடுத்த இடத்தில் தேட முடியும். மாநிலத்தில் துறை, மாநிலக் கணக்காயர், கருவூலம் என்று போகும்.

குடும்ப ஓய்வூதியம் வாங்குபவரின் பிறந்த தேதியையும் இப்போதே சரிபார்த்துவிடுங்கள். மத்திய அரசில் 80 வயது முடிந்ததும் 20 சதவீதமும், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, 100-ல் 100 சதவீதமும் கூடுதலாக வரும். பல பழைய பி.பி.ஓ-க்களில் மனைவியின் பிறந்த தேதியே இருக்காது, அல்லது ஜனவரி 1 என்று உத்தேசமாகப் போட்டிருப்பார்கள். ஆதாரில் ஒன்று, பான் கார்டில் ஒன்று என்றால் இன்னும் சிக்கல். பான், பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ் என்று எது கையில் இருக்கிறதோ அதைக் கொடுத்து ஒரே தேதியாக ஆக்கிவிடுங்கள்.

திருத்தம் ஏறியதும் வங்கியிலிருந்து புதிய ஓய்வூதியச் சீட்டை அச்செடுத்து வாங்கி, அடிப்படைத் தொகை, அகவிலைப்படி, கூடிய விகிதம் முடியும் தேதி, பிறந்த தேதி நான்கையும் பி.பி.ஓ-வோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.